பீடத்தில் பச்சைக் கதிர்

அண்ணாச்சி, அந்தச் சாக்கைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்களேன். பஸ்ஸு குலுங்கக் குலுங்க பேன்ட்ல ஒரசுது. என்ன அது, விதை நெல்லா? சரி சரி, இருக்கட்டும். என் பெட்டி மேல மட்டும் வச்சிராதீங்க. உள்ள ரெண்டு வெள்ளை ஜிப்பா தேச்சு மடிச்சு வச்சிருக்கேன். மண்ணு பட்டா எனக்கு ஆகாது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். சேத்து வாடை மூக்குல ஏறுனாலே குமட்டிட்டு வந்துரும்.

நான் பாளையங்கோட்டை வரைக்கும் வாறேன். மாத்தல். இப்ப ஈசாக்குபேரின்னு ஒரு ஊரு தாண்டி வந்தோம்லா? குளத்தங்கரை ஓரமா மஞ்சக் கோபுரம் வச்ச ஒரு கோயிலு, பாத்தீங்களா? பாக்கலையா? பாக்காததும் நல்லதுதான். அந்தக் கோயில்ல நான் ஒன்றரை வருசம் சபை ஊழியரா இருந்தேன். எங்க ஐயருக்கு, பாதிரியாரைத்தான் சொல்லுதேன், அவருக்கு ஏழு ஊரு. இங்க மாசத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவாரு. மத்த நாளெல்லாம் மணி அடிக்கிறதுலேருந்து பிரசங்கம் பண்றது வரைக்கும் நான்தான். உபதேசியார்னு கூப்பிடுவாங்க. எலியேசர் உபதேசியார்னா இந்தச் சுத்துவட்டாரத்துல... சரி விடுங்க. என்னைப் பத்தி நானே பேசக் கூடாது.

இப்ப எங்க போட்டிருக்காங்க தெரியுமா? புஸ்தகக் கடையில. பாட்டுப் புஸ்தகத்துக்கு அட்டை போடணுமாம், அலமாரியில தூசி தட்டணுமாம். ஊழியம் தெரிஞ்ச மனுசனைக் கொண்டுபோய்... சே! எதுக்குன்னு கேளுங்க. ஒரு பிடி கதிருக்கு. ஒரே ஒரு பிடி நெல்லுக் கதிருக்கு அண்ணாச்சி. நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

போன வருசம் பிப்ரவரி கடைசியில எங்களுக்கெல்லாம் மூணு நாள் பயிற்சி முகாம் வச்சாங்க. 'ஆத்தும வேளாண்மை'ன்னு பேரு. நல்ல ஏசி ஹாலு, சாப்பாடும் நல்ல சாப்பாடு. எங்கேயோ தூரத்துலேருந்து ஒருத்தர் வந்து திரை போட்டுப் படம் காட்டி நடத்துனாரு. ஒரு ஆத்துமாவும் ஒரு வயல்தான், ஊழியக்காரன் விவசாயி. மூணு மாசம் உழவு. அதுக்கப்பறம் மூணு மாசம் விதைப்பு. அடுத்த மூணு மாசம் களையெடுப்பு. கடைசி மூணு மாசம் அறுப்பு. பன்னெண்டே மாசம். அது முடியுற நேரம் வாற அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு ஆத்துமாவையாவது கதிரா கொண்டுவந்து நிறுத்தணும். அட்டவணை போட்டுக் கையிலயே குடுத்துட்டாங்க. நான் அதை லேமினேட் பண்ணி வச்சுக்கிட்டேன். முகாம் முடிவுல பரீட்சை வச்சாங்க, நான்தான் முதல். பிரைஸ் ஒரு சுவர்க்கடிகாரம். பெட்டிக்குள்ள இருக்கு.

ஊருக்குத் திரும்புனதும் எந்த வயலை எடுக்கலாம்னு யோசிச்சேன். யோசிக்கவே வேண்டாம், கண்ணு முன்னாலயே ஒண்ணு கிடந்துச்சு. வேதமாணிக்கம்னு ஒரு ஆளு. அம்பது வயசு இருக்கும், எனக்கு அஞ்சு வயசு மூப்பு. குளத்து மடையில கடைசி வயல் அவரோடது. எல்லார் வயலுக்கும் பாஞ்சு முடிச்சு மிஞ்சுனாத்தான் அவருக்குத் தண்ணி. ஞானஸ்நானம் எடுத்து, கோயில்லயே கல்யாணம் முடிச்ச ஆளு. ஆனா ஒன்பது வருசமா கோயில் வாசப்படி மிதிக்கல. ஐயர் போயிக் கூப்பிட்டாச்சு, கமிட்டிக்காரங்க போயிக் கூப்பிட்டாச்சு. வாங்க உக்காருங்கன்னு மோரு குடுப்பாராம், கோயில் பேச்சை எடுத்தா மட்டும் எந்திரிச்சு மாட்டைப் பாக்கப் போயிருவாராம்.

அவர் சம்சாரம் பாக்கியத்தாய் மட்டும் ஒரு ஞாயிறு தவற மாட்டாங்க. ராப்போஜனத்துக்கு, அப்பமும் ரசமும் வாங்க, எல்லாரும் புருசன் பொண்டாட்டியாப் போயி பீடத்து முன்னால முழங்கால் போடுவாங்க, இந்தம்மா தனியாப் போயி ஒரு ஓரமா நிப்பாங்க. ஒரு நாள் மீன்குழம்பு கொண்டுவந்தவங்க தூக்குச்சட்டியை வச்சிட்டுப் போகாமலே நின்னாங்க. என்னம்மான்னு கேட்டேன். "உபதேசியாரே, அவுக ஒரே ஒரு நாளு எம்பக்கத்துல வந்து முழங்கால் போடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்"னு சொன்னாங்க. கண்ணுல தண்ணி. நான் விடுவேனா? ஆச்சும்மா, என் கையில விடுங்கன்னுட்டேன்.

முதல் மூணு மாசம் உழவு. உழவுன்னா என்ன? கடிந்துகொள்றது. முகாம்ல அப்படித்தான் சொன்னாங்க. கெட்டிப்பட்ட மண்ணைக் கீறணும். நான் போயி அவர் வீட்டு முத்தத்துலயே நின்னு கீறுனேன். "உமக்குக் கல்லு நெஞ்சு. உம்ம வீம்பு உம்மையும் அழிச்சு உம்ம வீட்டையும் அழிக்கும்"னு சத்தமா, தெருவுக்கே கேக்க. அந்த ஆளு மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கிட்டு இருந்தாரு. நிமிந்து பாத்துட்டுச் சிரிக்காரு! "என்னவே உபதேசியாரே, ஈரம் பாக்காம ஏரைப் பூட்டிட்டீரு போலுக்கே"ன்னாரு. எவ்வளவு திமிரு பாருங்க. நான் நோட்டுல எழுதுனேன்: உழவு முடிந்தது.

அதுக்கப்பறம் மூணு மாசம் விதைப்பு. தினமும் சாயங்காலம் வேதப் புஸ்தகத்தோட வயலுக்குப் போவேன். வரப்பு வரைக்குந்தான். செருப்பைக் கழத்த மாட்டேன். வரப்புலயே நின்னு வசனம் சொல்லுவேன், அவரு பாட்டுக்கு வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டிக்கிட்டு இருப்பாரு. ஒரு தடவை நிறுத்தி, "கேக்குதா?"ன்னேன். "கேக்குவே. நீரு அந்தத் தண்ணி வார வழியில நிக்கீரு, கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லும்"னாரு. இப்படிப்பட்ட ஆளுகிட்ட எப்படி ஊழியம் செய்ய? வீட்டுக்கு வந்து காலைக் கழுவு கழுவுன்னு கழுவுவேன். வரப்புல நண்டு, நத்தை, மாட்டுச் சாணி. சீ!

சரி, சுருக்கமாச் சொல்லுதேன். என் அட்டவணைப்படி அறுப்புக் காலம் தொடங்கியாச்சு. டிசம்பர் மாசம். அந்த ஆளு வயல்ல அப்பத்தான் நடவு நடக்கு! மத்தவங்க பயிரெல்லாம் தொடை உசரம் நிக்கு, இவரு கடைமடை, தண்ணி வந்து சேரவே கார்த்திகை கடைசி ஆயிட்டு. நான் வரப்புல நின்னு, 'காலத்தைப் பிரயோஜனப்படுத்தணும்'னு ஒரு பிரசங்கத்தை ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சு ரெண்டு வார்த்தை பேசல, வரப்பு இளகிக் கிடந்திருக்கு. வழுக்கிச்சு பாருங்க. நேரா தொழிக்குள்ள. முழங்காலுக்கு மேல சேறு. வெள்ளைப் பேன்ட்டு. நாத்து நட்டுக்கிட்டிருந்த பொம்பளைகள் பன்னெண்டு பேரு, ஒருத்தி விடாம சிரிச்சாளுவ. எனக்கு அழுகையே வந்துட்டு. கால் விரலுக்கு இடையில அந்தச் சேறு பிதுங்குது அண்ணாச்சி. சொல்லும்போதே உடம்பெல்லாம் கூசுது.

அந்த ஆளுதான் ஓடி வந்து கையைப் பிடிச்சுத் தூக்குனாரு. தூக்கி, வாய்க்கா மேட்டுல உக்கார வச்சாரு. உக்கார வச்சு, தான் தண்ணிக்குள்ள குத்தவச்சு, என் காலைப் பிடிச்சுக் கழுவ ஆரம்பிச்சிட்டாரு. ஒரு காலு, அப்பறம் இன்னொரு காலு. விரல் இடுக்கெல்லாம். வேண்டாம் வேண்டாம்னேன். "சும்மா இரும்வே"ன்னாரு. தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துத் துடைச்சும் விட்டாரு. அந்தத் துண்டு ஒரே வேர்வை நாத்தம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு உபதேசியாருக்கு நடக்கிற காரியமா இது? எனக்கு அவமானம் பிடுங்கித் தின்னுச்சு.

ஆனா அன்னைக்குத்தான் அந்த ஆளு வாயைத் திறந்தாரு. என் காலைத் துடைச்சுக்கிட்டே சொல்லுதாரு. ஒன்பது வருசத்துக்கு முன்னால ஒரு மழையில குளம் உடைஞ்சுருக்கு. இவர் வயல்ல முழங்கால் அளவு மணல் மேவிட்டு. அறுக்கப் போற பயிரு, ஒரு கதிர் மிஞ்சல. மணலை வாரிக் கொட்டவே ஆறு மாசம் ஆச்சாம். அந்த வருசம் அறுப்பின் பண்டிகைக்கு வெறுங்கையோட வந்து பின்பெஞ்சுல உக்காந்திருக்காரு. பண்டிகைக்கு அவங்கவங்க முதல் வெளைச்சல்ல கொஞ்சம் கொண்டாந்து பீடத்துல வைக்கணும், அதான் முதற்பலன். அப்ப ஒரு வழக்கம் இருந்துச்சு. கொண்டுவந்தவங்க பேரை வாசிச்சு முடிச்சதும், கொண்டுவராதவங்க பேரையும் மைக்கில வாசிப்பாங்க. அன்னைக்கு ஒரே ஒரு பேருதான். "முதற்பலன் செலுத்தாதவர், வேதமாணிக்கம்." சபை முழுக்கத் திரும்பிப் பாத்திருக்கு. இவரு எந்திரிச்சுச் செருப்பைப் போட்டுட்டு நடந்தவருதான்.

இதுக்கா ஒன்பது வருசம்? எனக்கு அப்படித்தான் தோணுச்சு. அந்த வழக்கத்தையே நிறுத்தியாச்சு, வாசிச்ச செக்ரட்டரி செத்தும் போயாச்சு. இன்னமுமா? ஆனா நான் சொல்லல. இந்த நேரம் பாத்துத் தட்டிக் கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். எனக்கும் பொறுமை உண்டு அண்ணாச்சி.

அப்பத்தான் அவரே சொன்னாரு. "இந்தப் பூவு, இந்த வெள்ளாமை, கதிர் முத்தட்டும்வே. நானே அறுத்து, நானே கோயிலுக்குக் கொண்டாறேன். யாரும் கூப்பிட வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. மைக்கில மட்டும் எம்பேரைச் சொல்லாதிரும்." சரின்னேன். சரின்னுதான் சொன்னேன், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்குப் பாக்கியத்தாயம்மாகிட்ட விசயத்தைச் சொன்னதும் அவங்க அப்படியே முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அடுப்பு முன்னால உக்காந்துட்டாங்க.

இனிமே கேளுங்க, இதுதான் முக்கியம். பிப்ரவரி ரெண்டாவது ஞாயிறு எங்க அறுப்பின் பண்டிகை. இந்த வருசம் எங்க ஐயருக்கும் மேல உள்ள கவுன்சில் சேர்மன் ஐயாவே வாறாருன்னு கடிதம் வந்துட்டு. இதே வருசந்தான் குருத்துவப் படிப்புக்கு ஆள் எடுக்காங்க. படிச்சு முடிச்சா ஐயர் ஆகலாம், அங்கி போடலாம். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்க. எனக்கு நாப்பத்தஞ்சு முடிய மூணு மாசம் இருந்துச்சு. சிபாரிசு பண்ண வேண்டியது சேர்மன் ஐயா. புரியுதா? அவர் முன்னால நான் ஒரு கதிரை நிறுத்தியாகணும். இருவது வருசமா அடுத்தவன் கோயிலுக்கு மணி அடிச்சவன் நானு. எனக்கும் ஆசை இருக்காதா?

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வயலுக்குப் போனேன். பயிரெல்லாம் நல்லா நிக்கு, கதிரும் வெளிய வந்திருக்கு. பச்சப்பசேல்னு தலையை நீட்டிக்கிட்டு நிக்கு. "என்ன, ஞாயித்துக்கிழமைக்கு அறுத்துரலாம்லா?"ன்னு கேட்டேன். அந்த ஆளு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "இப்பத்தான பால் பிடிக்கு. இன்னும் பதினஞ்சு இருவது நாளு கேக்கும்"னாரு. ஒரு பிடி மட்டும், பேருக்குன்னேன். "பச்சையை அறுத்து என்னத்துக்குவே? மாடுதான் திங்கும்"னு சொல்லிட்டு வாய்க்காலைப் பாக்கப் போயிட்டாரு.

பதினஞ்சு நாளாம். கோயில் பண்டிகையைப் பதினஞ்சு நாள் தள்ளி வைக்க முடியுமா? சேர்மன் ஐயாகிட்டப் போயி, கதிர் இன்னும் பால் பிடிக்கு, பொறவு வாங்கன்னு சொல்ல முடியுமா? எல்லார் வயலும் பழுத்து நிக்கு, இந்த ஒத்த வயலுக்கு மட்டும் என்ன கேடு? பிந்தி நட்டது யார் தப்பு? என் அட்டவணையில ஒரு நாள்கூட நான் பிந்தல.

சனிக்கிழமை சாயங்காலம், அவரு பக்கத்து ஊருக்கு ஒரு துட்டி வீட்டுக்கு, சாவு கேக்கப் போயிருந்தாரு. நான் பீடத்துக்குப் பூ வெட்டுற கத்தரியை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போனேன். உள்ள எறங்கல. வரப்புல நின்னபடியே கைக்கு எட்டுனதை ஒரு பிடி வெட்டுனேன். திருட்டுன்னு சொல்லாதீங்க. அவரே தாறேன்னு சொன்னதுதான, நான் கொஞ்சம் முன்னாடி எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான். பிடிச்ச பிடியில நாலஞ்சு மணி நசுங்கி, வெள்ளையா என்னமோ கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு. சீ! சீழு மாதிரி. வீட்டுக்கு வந்து மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவுனேன். அப்பறம் கதிரை ஒரு சேப்பு ரிப்பன்ல கட்டி, பீடத்துல மத்தவங்க வச்ச மஞ்சக் கதிருக்கு நட்ட நடுவுல வச்சேன். பச்சையாத்தான் தெரிஞ்சுச்சு. இருந்தாலும் பாக்க அழகாத்தான் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை. கோயில் நிறைஞ்சு வழியுது. வாழைத்தாரு, இளநி, பூசணி, சேவல், கரும்புன்னு பீடத்துப் படி வரைக்கும் அடுக்கியாச்சு. சேர்மன் ஐயா அங்கி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் மைக் முன்னால நின்னு பேரு வாசிக்கேன். எல்லாப் பேரும் வாசிச்சாச்சு. கடைசியா அதை வச்சிருந்தேன். வாக்குக் குடுத்தது எனக்கு நினைவில்லாம இல்ல. ஆனா மைக்கில சொல்லாம அது எப்படி அண்ணாச்சி சாட்சி ஆகும்? சேர்மன் ஐயாவுக்கு எப்படித் தெரியும்? நான் குரலை உசத்தி, "ஒன்பது வருசம் தரிசாக் கிடந்த ஒரு நிலம் இன்னைக்குக் கதிர் வாங்கியிருக்கு! சகோதரர் வேதமாணிக்கம் அவர்களின் முதற்பலன்!"னு சொன்னேன்.

கை தட்டுவாங்கன்னு பாத்தேன். யாரும் என்னைப் பாக்கல. திரும்பிப் பின்னால பாக்காங்க.

பின்வாசல்ல அந்த ஆளு நிக்காரு.

நான் கூப்பிடல. யாரும் கூப்பிடல. தானா வந்திருக்காரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தலையில எண்ணெய் தேச்சுப் படிய வாரியிருக்கு. செருப்பை வெளிய விட்டுட்டு வெறுங்காலோட நிக்காரு. கையில என்ன தெரியுமா? சுரைக்காய். வரப்புல படர விட்ட கொடியில காச்ச சுரைக்காய் ஒண்ணைத் துடைச்சு, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நிக்காரு. சேர்மன் ஐயா வந்திருக்கிற பண்டிகைக்குச் சுரைக்காயோட வருவாங்களா அண்ணாச்சி?

பொம்பளைக பக்கத்துலேருந்து பாக்கியத்தாயம்மா பாதி எந்திரிச்சு நிக்காங்க. அந்த ஆளு நடுவால நடந்து பீடத்துக்கு வந்தாரு. சுரைக்காயைப் படியில, மத்த காயோட காயா, பைய வச்சாரு. அப்பறம் அந்தப் பச்சைக் கதிரைப் பாத்தாரு. கிட்டப் போயி ஒரு மணியைக் கிள்ளி, ரெண்டு விரலுக்கிடையில வச்சு நசுக்குனாரு. வெள்ளையா வந்துச்சு. வேட்டியில துடைச்சாரு. என் பக்கம் திரும்பி, "எப்ப அறுத்தீரு?"ன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு, ஆனா மைக்கு எங்கிட்ட இருக்குல்லா, கோயில் முழுக்கக் கேட்டுட்டு. நேத்து சாயங்காலம்னேன்.

கோபப்படல. சத்தம் போடல. போட்டிருந்தாலாவது எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். "நான்தான் வந்துட்டேனேவே"ன்னாரு. அவ்வளவுதான். திரும்பி நடந்து போயிட்டாரு. போகும்போது யார் முகத்தையும் பாக்கல. வெளிய செருப்பு மாட்டுற சத்தம் கேட்டுச்சு.

அந்த ஒரு வார்த்தை காதுக்குள்ளயே நிக்கு, சவம். நல்லாத் தூங்கி நாலு மாசம் ஆவுது.

ஆராதனை முடிஞ்சு பந்தி. அந்தச் சுரைக்காயையும் நறுக்கிக் கூட்டு வச்சிட்டாளுவ. சேர்மன் ஐயா ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. நான் தொடல. சாப்பிட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டே எங்கிட்டக் கேட்டாரு, "எலியேசர், நீங்க எப்பவாவது வயல்ல எறங்கியிருக்கீங்களா?" நான் சொன்னேன், "ஐயா, ஒரு வருசமா தினமும் வரப்பு வரைக்கும் போயிருக்கேன்யா." அவரு தலையை மட்டும் ஆட்டுனாரு. சந்தோசமாத்தான் ஆட்டுறாருன்னு நினைச்சேன். அடுத்த மாசம் படிப்புக்கு எடுத்தவங்க பட்டியல் வந்துச்சு. எம்பேரு இல்ல. அதுக்கு அடுத்த மாசம் புஸ்தகக் கடை ஆர்டரு.

பாக்கியத்தாயம்மாவா? அன்னைக்குப் பந்தியில உக்காரல. கோயிலைப் பூட்டும்போது வந்து நின்னாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். "உபதேசியாரே, அந்தச் சட்டை எங்க கல்யாணச் சட்டை. நேத்து துட்டி வீட்டுலேருந்து வந்து, குளிச்சிட்டு, அவுகளே உக்காந்து தேச்சாக. என்னைத் தொட விடல"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் போயிட்டாங்க. இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லணும்? நானா சட்டையைக் கசக்குனேன்? அதுக்கப்பறம் அந்தம்மாவும் கோயிலுக்கு வர்றதில்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வீட்டுல ஒண்ணா முழங்கால் போட்டு ஜெபிக்காங்களாம், பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. பாத்தீங்களா ஆணவத்தை? ஒன்பது வருசம் தவறாம வந்த ஆத்துமாவையும் அந்த ஆளு கெடுத்துட்டான்.

அருவருப்பா இருக்கு அண்ணாச்சி. அந்த ஊரு, அந்தச் சேறு, அந்தச் சனம். நன்றி இருக்கா? ஒன்றரை வருசம் அவனுக்காக உபவாசம் இருந்திருக்கேன், பொய் சொல்லல. இன்னைக்குக் காலையில பஸ்ஸுக்கு நிக்கேன், வழியனுப்ப ஒரு நாதி இல்ல. அந்த ஆளு மட்டும் சைக்கிள்ல மண்வெட்டியோட அந்த வழியா வந்தாரு. எறங்கி, என் பெட்டியைத் தூக்கி பஸ்ல வச்சாரு. "பத்திரமாப் போயிட்டு வாரும்வே"ன்னாரு. அவரு கை மண்ணு பெட்டியில அப்பிக்கிட்டு, இங்க பாருங்க, இன்னும் போகல. தேச்சுத் தேச்சுப் பாத்துட்டேன்.

நான் சும்மா விடப் போறதில்ல. பாளையங்கோட்டையில எறங்குன கையோட பேராயரைப் பாக்கப் போறேன். அத்தாட்சி வச்சிருக்கேன். இருங்க, காட்டுதேன். இந்தப் பேப்பருக்குள்ளதான் சுத்தி வச்சிருக்கேன். இதான் அந்தக் கதிரு. ரிப்பன்கூட அப்படியே இருக்கு பாருங்க. பிடிங்க, கையில வாங்கிப் பாருங்க. நீங்க விதை நெல்லு தூக்கிட்டுப் போற ஆளு, உங்களுக்குத் தெரியாததா? நல்லாக் கசக்குங்க. ம். இப்ப உள்ளங்கையில வச்சு ஊதுங்க.

பாத்தீங்களா? பறந்துட்டுல்லா? ஒரு அரிசி இல்ல. அத்தனையும் பதரு. நான் நாலு மாசமா ஒவ்வொரு கதிர்லயும் கொஞ்சம் உருவி ஊதிப் பாத்துட்டேன், ஒண்ணுலயாவது ஒரு மணி இருக்கும்னு. இல்ல. இதைத்தான் பேராயர் கையில குடுத்துக் கேக்கப் போறேன். ஐயா, இப்படிப் பதரா வெளையுற வயலை வச்சுக்கிட்டா அந்த ஆளுக்கு இத்தனை வீம்பு? இதுக்கா என் ஊழியத்தைப் பிடுங்குனீங்கன்னு கேப்பேன்.

என்ன, அப்படிப் பாக்கீங்க?

என்னது? எப்ப அறுத்ததா?

சே. நீங்களும் அதையேதான் கேக்கீங்க.